வியாழனும் வெள்ளியும்

ஆகஸ்ட் 9, செவ்வாய்

நாளை குருநாதசாமி கோயில் பண்டிகை. அந்தியூருக்குள் மாடும் குதிரையும் வந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன. பண்டிகை முடியும்வரை என் மருந்துக்கடையில் நிற்க இடமிருக்காது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், குதிரை மிதித்த கால் என்று வந்துகொண்டே இருப்பார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு வரிசையில் நிற்க வேண்டும். என்னிடம் சொன்னால் அரை நிமிடத்தில் மாத்திரை கையில். "நாச்சிமுத்து குடுத்தாக் கேக்கும்" என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. சும்மா வந்த பேச்சு இல்லை, இருபத்திரண்டு வருடம் அலமாரிக்கு முன்னால் நின்று வாங்கிய பெயர்.

சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் டிப்ளமோ என்னுடையது அல்ல. சிநேகிதன் லோகநாதனுடையது. கடை லைசென்ஸ் அந்தக் காகிதத்தின் பேரில்தான். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனி மேனேஜர். நான் பிளஸ் டூவோடு நின்றவன். ஆனால் எந்த டாக்டரின் கோழிக்கிறுக்கலையும் படித்துவிடுவேன், லோகநாதன் திருதிருவென்று விழிப்பான்.

வசந்தாமணிக்குச் சாயங்காலம் ஒற்றைத் தலைவலி. அங்கன்வாடிப் பிள்ளைகளை வெயிலில் வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டு வந்திருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவளுக்கு அங்கே முப்பத்தெட்டு. வழக்கமான தலைவலி மாத்திரை நாலை அட்டையிலிருந்து நறுக்கி, பெட்டிக்குள் வரும் விளக்கத்தாளிலேயே மடித்துக் கொடுத்தேன். அந்தத் தாளை நான் வீணாக்குவதில்லை. பொட்டலம் மடிக்க நல்ல வாகு.

ஆகஸ்ட் 12, வெள்ளி

புழுதி. ஊரே புழுதி. வசந்தா நேற்று குதிரை பார்க்கிறேன் என்று சந்தைக்குள் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தாள். இன்று தொண்டை கட்டி, சளி, காய்ச்சல்.

"ஏனுங்க, டாக்டருகிட்டப் போயிட்டு வந்தர்லாமுங்களா?"

"வீட்டுல ஒருத்தன் இருக்கறப்ப அங்கெதுக்குப் போகோணும்?"

சிரித்தாள். கிளாரித்ரோமைசின் எடுத்துக் கொடுத்தேன். காலை ஒன்று, மாலை ஒன்று, ஏழு நாளைக்கு. சாதாரண மருந்தெல்லாம் இந்தப் புழுதிச் சளிக்குப் பத்தாது, எடுத்த எடுப்பிலேயே பெரியதாகப் போட்டுவிட வேண்டும். காய்ச்சலோடு தலைவலியும் சேர்ந்துகொண்டதால் தலைவலி மாத்திரையும் போட்டுக்கொண்டாள்.

கடையில் நல்ல கூட்டம். மத்தியானச் சோறு நாலு மணிக்கு.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

சளி குறைந்துவிட்டது. சொன்னேன் அல்லவா!

கால் மரத்துப்போகிறது என்கிறாள். உள்ளங்கால் எரிகிறதாம். சத்துக்குறைவுதான். வைட்டமின் மாத்திரை கொடுத்தேன். தலைவலி இன்னும் விடவில்லை, இன்றும் இரண்டு போட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 15, திங்கள்

அங்கன்வாடியில் கொடியேற்றிவிட்டு ஆட்டோவில் திரும்பி வந்தாள். ஒன்றரை கிலோமீட்டர் தினமும் நடந்து போய் வருகிறவள். பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்து உட்கார்ந்துவிட்டாளாம்.

பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஜில்லென்று இருந்தன. தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்தேன். "போதுமுங்க, தொட்டாலே உசுரு போகுது" என்று காலை இழுத்துக்கொண்டாள். வாயுவாக இருக்கும் என்றேன். எனக்கே அப்படித் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

காலையில் பார்த்தால் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. உடனே ஈரோடு. தனியார் ஆஸ்பத்திரி. இரண்டு காலிலும் நாடி கிடைக்கவில்லை என்றார்கள்.

பார்த்தவர் ஷகிலா என்ற டாக்டரம்மா. என் பாதி வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தாமல் கேள்வி கேட்கிறார். சுகர் இருக்கா? பிரஷர்? பொகையிலை போடுவாங்களா? எல்லாவற்றுக்கும் இல்லை.

"வேற மாத்திரை ஏதாவது?"

"இல்லீங்க டாக்டர்."

சளிக்கும் தலைவலிக்கும் போடுவதெல்லாம் ஒரு மாத்திரையா? அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 17, புதன்

மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். டாக்டர் ஷகிலா என்னை அழைத்துத் திரையில் காட்டினார். இடுப்பிலிருந்து விரல்போல் தடித்து இறங்கும் ரத்தக்குழாய்கள் முழங்காலுக்குக் கீழே நூலாகிவிட்டன.

"அடைப்பா இருந்தா ஒரு எடத்துல டக்குன்னு நிக்கும். இது அப்படி இல்ல. ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி, குழாயே சுருங்கி இறுகிப் போயிருக்கு. ஏதோ ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கு. அது என்னன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது."

பிறகு கட்டிலருகே வந்து, வசந்தாவைப் பார்த்தே கேட்டார்:

"அம்மா, உங்களுக்கு ஒத்தத் தலைவலி உண்டா? அதுக்குன்னு தனியா மாத்திரை எடுப்பீங்களா?"

வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"வெறும் பாராசிட்டமால்தானுங்க."

உண்மையைச் சொன்னால் அடுத்து டாக்டர் சீட்டு எங்கே என்பார். எந்தக் கடை என்பார். சுவரில் யார் பெயர் என்று போய் நிற்கும். தலைவலிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறார்கள். குழாயில் அழற்சியாக இருக்குமோ என்று கோயம்புத்தூருக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறார்கள். பதில் வர மூன்று நாளாகும்.

சாயங்காலம் தலை விண்ணென்று தெறிக்கிறது என்றாள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கடையிலிருந்து மடித்துக் கொண்டுவந்திருந்த பொட்டலத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்து ஒன்று கொடுத்தேன். சளி மாத்திரையும் கொடுத்தேன். ஏழு நாள் கணக்கை நடுவில் விடக்கூடாது.

ஆகஸ்ட் 18, வியாழன்

மத்தியானம் அவள் தூங்கினாள். வராந்தா பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன். படிக்கப் பேப்பர்கூட இல்லை. பையில் பொட்டலம் இருந்தது. மாத்திரைகளைக் கையில் கொட்டிக்கொண்டு தாளை நீவிப் பார்த்தேன். பொடி எழுத்து. எர்கோட்டமின் என்று தலைப்பு, அந்தத் தலைவலி மாத்திரையின் மருந்துப் பெயர். எந்தெந்த மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்று ஒரு கட்டம். கிளாரித்ரோமைசின் இரண்டாவது வரியில் இருந்தது. அதற்குக் கீழே கை கால் பற்றி ஒரு வாக்கியம், கறுப்பாகத் தடித்த எழுத்தில்.

கண்ணாடி இல்லாமல் படித்தது. தப்பாகவும் இருக்கலாம்.

மாத்திரைகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். தாளைப் பர்சுக்குள் வைத்துக்கொண்டேன். கேன்டீனில் டீ நன்றாக இல்லை.

இரண்டு மருந்தையும் நிறுத்தியாகிவிட்டது. நிறுத்திவிட்டால் குழாய் தானாக விரிந்துவிடாதா? அதுதானே வைத்தியம்?

ஆகஸ்ட் 19, வெள்ளி

லோகநாதனுக்கு போன் பண்ணினேன். விஷயத்தைச் சொல்லவில்லை. சும்மா, எப்படி இருக்கே என்று. அவனாகவே சொன்னான்: கோபிப் பக்கம் டிரக் இன்ஸ்பெக்டர் நாலு மருந்துக்கடைக்குப் பூட்டுப் போட்டுட்டாராம், சீட்டு இல்லாம வித்ததுக்கு, சான்றிதழ்க்காரன் மேலயும் கேஸாம், பார்த்து நடந்துக்கோ மாப்ள.

வசந்தாவுக்குத் தலை வெடிக்கிறது. மூன்று தடவை கேட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு குடுங்க. கண்ணத் தொறக்க முடியிலீங்க."

"தீந்து போச்சு புள்ள."

"கடைல இருந்து கொண்டாரச் சொல்லுங்."

"அங்கயும் இல்ல. ஸ்டாக் வருல."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதாள். நர்ஸிடம் சொல்லி ஏதோ ஊசி போட வைத்தேன். அது கேட்கவில்லை.

இடது கால் விரல்கள் நீலத்திலிருந்து கறுக்கத் தொடங்கியிருக்கின்றன. டாக்டர் ஷகிலா இரண்டு முறை வந்து விரலை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். வராந்தாவில் என்னைக் கடந்தபோது நின்று, "யோசிச்சுப் பாருங்க சார். நாட்டு மருந்து, எண்ணெய், எதுவா இருந்தாலும் பரவால்ல, யாரையும் திட்ட மாட்டேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நாளை இன்னும் கொஞ்சம் தெளிந்துவிடும்.

ஆகஸ்ட் 20, சனி

சொல்லிவிட்டேன்.

காலை ஆறு மணிக்குப் போர்வையை விலக்கினேன். இடது பெருவிரல் கரிக்கட்டையாக இருந்தது. டாக்டர் வரும்வரை மாடிப்படியில் நின்றேன். வந்ததும் தாளை நீட்டினேன். "இப்பத்தானுங்க பாத்தேன், காலைலதான், பையில கெடந்துது" என்று ஏதேதோ உளறினேன். இரண்டு மருந்தின் பெயரையும், எத்தனை என்பதையும் சொன்னேன். கடை என்னுடையது என்பதையும் சொன்னேன்.

அவர் தாளைப் பாதிதான் படித்தார். நடந்துகொண்டே நர்ஸுக்கு உத்தரவு போட்டார். கை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏறும் ஒரு மருந்து, குழாயை விரிக்க. வாயில் இன்னொன்று, பிரஷருக்குக் கொடுப்பது, என் அலமாரியில் மூன்றாவது தட்டில் இருக்கிற சாதாரண மருந்து. இரண்டு காலுக்கும் பஞ்சு சுற்றிப் போர்வை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிரஷர் பார்க்க ஒரு நர்ஸ் பக்கத்திலேயே.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தலைவலி மாத்திரை தலையில இருக்கிற குழாயை மட்டும் சுருக்காது சார், எல்லாத்தையும் சுருக்கும். தனியா இருந்தா ஈரல் அதைக் கரைச்சு அனுப்பிடும். இந்தச் சளி மருந்து ஈரலைக் கட்டிப் போட்டுடுச்சு. போட்டது அத்தனையும் உள்ளேயே தங்கிடுச்சு."

நிறுத்தினால் மட்டும் போதாதா என்று கேட்டேன்.

"நிறுத்தறது முதல் படி. இறுகினதை நாமதான் விரிக்கணும்."

ஆகஸ்ட் 21, ஞாயிறு

வலது பாதத்தில் வெதுவெதுப்பு வந்திருக்கிறது. கருவியை வைத்தால் நாடிச் சத்தம் கேட்கிறது. காற்றில் துணி அடித்துக்கொள்வது போன்ற சத்தம். நர்ஸ் எனக்கும் கேட்கக் கொடுத்தாள். அழுதுவிட்டேன்.

இடது காலில் சத்தமே இல்லை.

ஆகஸ்ட் 22, திங்கள்

இடது காலில் சத்தம் இல்லை.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

வசந்தாவின் அண்ணன் குழந்தைவேல் சத்தியமங்கலத்திலிருந்து வந்தார். டாக்டர் என்ன சொன்னாரோ, அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"இத்தன பெரிய ஆஸ்பத்திரில ஒருத்தனுக்கும் தெரியிலீங்க. எங்க மாப்பிளதான் கண்டுபிடிச்சாரு. மருந்துக் கடைக்காரருன்னா சும்மாவா? டாக்டருக்கே சொல்லிக் குடுத்துருக்காரு!"

பக்கத்துக் கட்டில்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வசந்தா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

ஆகஸ்ட் 24, புதன்

இடது பாதத்தின் முன்பாதி செத்துவிட்டது. மேலே ஏறாமலிருக்க எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். குதிகாலை விட்டுவைக்க முடியுமா என்று பார்ப்பாராம், உறுதி சொல்ல முடியாதாம்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

அவர் கேஸ் நோட்டைப் புரட்டினார். "வியாழக்கிழமை சாயங்காலம் இடது கால்ல லேசா ஓட்டம் இருந்துருக்கு. எழுதி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு அப்புறம் இல்ல" என்றார். "நீங்க சனிக்கிழமை பாத்ததாவது நல்லது. இல்லேன்னா ரெண்டு காலும் போயிருக்கும்."

கையெழுத்துப் போடும் காகிதத்தைக் கொண்டுவந்தார்கள். உறவுமுறை என்ற இடத்தில் கணவர் என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 25, வியாழன்

குதிகாலும் நிற்கவில்லை. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

இல்லாத விரல் அரிக்கிறது என்கிறாள். அரிக்கிற இடத்தில் படுக்கை விரிப்பைச் சொறிந்துவிட்டேன். கொஞ்சம் பரவாயில்லை என்றாள். நிஜமா பொய்யா தெரியவில்லை.

செப்டம்பர் 4, ஞாயிறு

வீடு. வாசலில் மூன்று படி. குழந்தைவேலும் நானும் நாற்காலியோடு தூக்கினோம். அங்கன்வாடிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அம்மாக்களோடு வந்தார்கள். ஒரு குட்டிப்பெண் போர்வைக்குள் குனிந்து பார்த்து, "டீச்சர், இன்னொரு காலு எங்க?" என்றாள். அம்மாக்காரி வாயைப் பொத்தினாள். வசந்தா அந்தப் பிள்ளையைக் கட்டிலில் ஏற்றி உட்கார வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரில வெச்சுட்டு வந்துட்டேன் கண்ணு" என்றாள். வீட்டுக்கு வந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

செப்டம்பர் 6, செவ்வாய்

கடை திறந்தேன். திறக்காமல் என்ன செய்வது? பொட்டலம் மடிப்பதை விட்டுவிட்டேன். சீட்டு இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். கோபித்துக்கொண்டார்கள். "டாக்டருக்கே சொல்லிக் குடுத்த ஆளு, நமக்குக் குடுக்க மாட்டீங்கறாரு பாரு" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். இங்கேயும் அந்தக் கதை வந்துவிட்டது.

செப்டம்பர் 9, வெள்ளி

காலையில் கட்டு மாற்றினேன். பஞ்சை நனைத்து ஒட்டிய துணியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"எது?"

"அந்த ரெண்டு மாத்திரைச் சங்கதி."

"அன்னைக்குச் சொன்னேனல்லொ. சனிக்கிழம காலைல."

நான் பிளாஸ்திரியை நறுக்கினேன்.

"வெள்ளிக்கிழம நான் தல வெடிக்குதுன்னு அழுதேன். மூணு வாட்டி கேட்டேன். தீந்து போச்சுன்னீங்க. கல்யாணமாகி பத்தொம்பது வருசத்துல நான் தலவலின்னு சொல்லி நீங்க இல்லைன்னு சொன்னது அன்னிக்கு ஒருநாள்தானுங்க."

என் கையிலிருந்த பிளாஸ்திரி சுருண்டு விரலில் ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்க முடியவில்லை. அவள்தான் வாங்கிப் பிரித்தாள்.

"அண்ணங்கிட்டச் சொல்லுல. சொல்லவும் மாட்டேன். டாக்டரம்மா எங்கிட்டயே கேட்டப்ப நானுந்தான வாயத் தொறக்குல. உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் பேசாம இருந்துட்டேன். கடைக்கு ஒண்ணும் ஆயரக்கூடாதுன்னு."

திட்டு வசந்தா, என்னைத் திட்டு என்றேன். காலில்லாத பக்கத்துப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கட்டப் போட்டு முடிங்க, குளுருது" என்றாள்.

பதினோரு வருடமாக டைரி எழுதுகிறேன். இதுவரை எழுதாத ஒரு வரியை எழுதுகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு எனக்குத் தெரியும். கண்ணாடி என் நெற்றி மேல்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் படித்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பாகப் படிக்கவில்லை. பத்தடி தூரத்தில் டாக்டர் அறை. கடையை நினைத்தேன். வியாழன் பாதி, வெள்ளி முழுக்க, கடையை மட்டுமே நினைத்தேன். நான் அயோக்கியன்.

செப்டம்பர் 12, திங்கள்

ஈரோட்டுக்குப் போய் டாக்டர் ஷகிலாவிடம் சொன்னேன். சனிக்கிழமை இல்லை, வியாழக்கிழமை என்று. பேனாவை மூடி வைத்தார். "அவங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்றார். அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொன்னார்.

செப்டம்பர் 17, சனி

வசந்தாவுக்குக் காலையிலிருந்து உடம்பு சுட்டது. நூற்றியொன்று. கட்டுக்குள் புண் சுத்தமாகத்தான் இருக்கிறது, சாதாரணக் காய்ச்சல்தான். கடைக்கு ஓடிப்போய்ப் பாராசிட்டமால் ஒரு அட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, பக்கத்து வீட்டு சரோஜினி அக்காவை உள்ளே அவள் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"அக்கா, பஸ் ஸ்டாண்டுகிட்ட அந்தப் புது மெடிக்கல் இருக்குதல்லொ, அங்க போயி காய்ச்ச மாத்திரை ரெண்டு வாங்கியாறீங்களா? டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டு தலகாணிக்குக் கீள இருக்குது, எடுத்துட்டுப் போங்."

அக்கா சீட்டோடு வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"ஏந் தம்பி, நம்ம கடைல இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா. தீந்துருச்சு."

காய்ச்சல் மாத்திரை தீர்ந்துபோன மருந்துக்கடை எங்கே இருக்கிறது? அக்கா தெருவில் இறங்கினார். அரைமணி நேரம் கழித்து வந்தார். அதுவரை நான் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். வசந்தா மாத்திரையைக் கையில் வாங்கி, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, சீட்டில் எழுதியிருந்த பெயரோடு ஒத்துப் பார்த்தாள். பிறகு ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்துக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாள்.

சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டாள்.